இரண்டு பேருக்கும் சேர்த்து ஓடியவன்

எளாவூர் எபினேசர் ஆசைப்பட்டு ஓடக் கற்றவன் அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பி மில்லில் பதினான்கு வருஷமாகக் காண்ட்ராக்ட் வேலை. ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டால் காலை ஷிஃப்டுக்கு ஓடித்தான் போகவேண்டும். அப்படி ஓடி ஓடி, கடைசியில் ஆட்டோவுக்குக் காத்திருப்பதையே விட்டுவிட்டான். டீக்கடையில் நிற்பவர்கள் கேலி செய்தார்கள். அவனும் சிரித்துவிட்டு ஓடினான்.

அந்த ஓட்டத்துக்குத் திடீரென்று ஒரு மதிப்பு வந்தது. கம்பெனியின் தீயணைப்புக் குழுவில் இரண்டு இடம் காலி. மாசி மாதம் காட்டுப்பள்ளியிலிருந்து கடலோரமாகப் பழவேற்காடு போய்த் திரும்பும் மாரத்தானை நாலரை மணி நேரத்துக்குள் முடிக்கிற காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த இடம், அதுவும் கம்பெனி ரோலில், நிரந்தர வேலையாக, என்று எச்.ஆர். அதிகாரி சந்திரமோகன் அறிவித்தார். தீயை அணைப்பதற்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் எதற்கு ஓடவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் இவர்கள் எப்போது இருந்தார்கள்?

நாற்பது வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். எபினேசருக்கு ஆகஸ்ட் வந்தால் நாற்பது முடிகிறது. இதை விட்டால் கடைசிவரை காண்ட்ராக்ட்தான் என்பது அவனுக்கும் தெரியும், அவன் மனைவி மெர்சிக்கும் தெரியும். அவள் அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தாள்.

பேர் கொடுத்த இன்னொருவன் பீட்டர். எபினேசரின் தெருக்காரன், ஒரே ஷிஃப்ட். மில் கேட்டில் இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வந்துகொண்டிருக்கிறவன் ஐந்து நிமிஷம் தாமதமானால் முன்னால் வந்தவன் அவனுடைய கார்டையும் மெஷினில் அடித்துவிடுவான். இல்லாவிட்டால் அரை நாள் சம்பளம் போய்விடும். ஆனால் கார்டை அடித்தவன், மற்றவன் வந்துசேரும்வரை அவன் வேலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அதனால் அதை யாரும் திருட்டாக நினைத்ததில்லை. மெர்சி பிரசவ வலி கண்டு பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கூட இருந்த எபினேசரின் கார்டைப் பீட்டர் மூன்று நாள் அடித்து, இரண்டு ஆள் வேலை பார்த்தான். அதற்காக ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை.

ஓட்டத்தன்று காலை நல்ல பனி. பனியனில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு நம்பர் அட்டை தந்தார்கள். அட்டைக்குப் பின்னால் ஒரு சிப் ஒட்டியிருந்தது. ரோட்டில் அங்கங்கே ரப்பர் பாய் விரித்திருப்பார்கள், அதை மிதிக்கும்போது நேரம் தானாகப் பதிவாகும் என்றார்கள். “நம்ம கேட்டு மெஷினு மாதிரிதான்டா,” என்றான் பீட்டர். எபினேசரும் தலையாட்டினான். இருவரும் அதை அவ்வளவில்தான் புரிந்துகொண்டார்கள்.

மேடு பள்ளம் இல்லாத ரோடு. பீட்டர் அவசரக்காரன், ஆரம்பத்திலேயே பறந்துவிட்டான். எபினேசர் நிதானமாகப் போனான். பழவேற்காட்டில் திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மறுபக்கம் உப்பங்கழி. இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் பீட்டர் ரோட்டோரம் உட்கார்ந்து தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தான். தசை பிடித்து, கால் கட்டைபோல் இறுகிவிட்டது. எழுப்பி நிறுத்தினால் சரிந்து விழுந்தான். நின்று கொண்டிருந்த ஒவ்வொரு நிமிஷமும் எபினேசரின் கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

பீட்டர் தன் நம்பர் அட்டையைப் பிய்த்து நீட்டினான்.

“இத்த எத்துக்கினு போடா. நான் மெதுவா வந்துக்கினே இருக்கேன்.”

எபினேசருக்கு மனசு ஒப்பவில்லை. இது மில் இல்லை என்று உள்ளே ஏதோ சொன்னது. ஆனால் அந்த மூன்று நாளை நினைத்தால் எந்த வாயால் முடியாது என்பது? வாங்கி மடித்து டவுசர் பையில் வைத்துக்கொண்டான். இனி பீட்டர் வேலையையும் தான்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு ஓடினான். உண்மையாகவே ஓடினான். முப்பத்தைந்தில் பாயை மிதித்தபோது இரண்டு தரம் பீப் கேட்டது. கால் நகம் பெயர்ந்து ஷூவுக்குள் பிசுபிசுத்தது. நிற்கவில்லை. பாவி மனுஷன், அன்றைக்கு அவன் ஓடிய ஓட்டம் அவன் வாழ்க்கையிலேயே ஓடாத ஓட்டம். நாலு மணி இருபத்தொரு நிமிஷத்தில் முடித்துவிட்டான்.

கழுத்தில் மெடல் விழுவதற்குள் சந்திரமோகன் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். பந்தலுக்குள் கம்ப்யூட்டர் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்திலும் கடைசியிலும் இரண்டு நம்பர் ஒரே செகண்டில் பதிவாகியிருந்தன. அங்கே கேமரா எடுத்த படத்திலோ ஒரே ஆள்தான் இருந்தான். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது காலில் விழுந்திருக்கலாம்.

“கேட்ல பண்றத இங்கயும் பண்ணிட்டியாப்பா?” என்றார்.

ஆக, அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

“நான் ஓடுனது நெஜம் சார். முழுசா நான்தான் சார் ஓடுனேன்.”

அது தனக்கும் தெரிகிறது என்றார் அவர். ஆனால் போட்டி நடத்துகிறவர்கள் இரண்டு நம்பரையும் நீக்கிவிட்டார்கள், நீக்கப்பட்டவன் பேரைத் தன்னால் மேலே அனுப்ப முடியாது என்றார். பிறகு அவனுக்குத் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அந்தத் தண்ணீரைக் குடிப்பதா வேண்டாமா என்று கூட எபினேசருக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தால் பீட்டர் நொண்டிக்கொண்டே எதிரில் வருகிறான். ஆம்புலன்சில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். கையில் செல்போன். ஓட்டம் முடித்ததும் தானாக வரும் வாழ்த்துச் செய்தி அவனுக்கும் வந்திருந்தது. முகமெல்லாம் பல்.

“பாத்தியாடா, ஒனக்கும் எனக்கும் ஒரே டைமு, ஒரு செகண்டுகூட வித்தியாசம் இல்ல. எங்க ஊட்லயும் சொல்லிட்டேன், மெர்சிக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். அது ஓன்னு அழுவுது.”

எபினேசர் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்த பீட்டர் தன் துண்டால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, வா, சாரைப் பார்த்து ஒரு தேங்க்ஸ் சொல்லிவிட்டு வரலாம் என்று கையைப் பிடித்து இழுத்தான்.