கட்டடம் அண்ணனுக்கு, குதிரைகள் தங்கைக்கு

ரிகா நகரத்து லின்தார்ட் சர்க்கஸுக்கு ஒத்தீலியாவின் அப்பா கல்லால் கட்டடம் கட்டினார். கீழே லாயம், மேலே வட்டக் களம். சாகும்போது கட்டடத்தை மகன் வால்டெமாருக்கும் குதிரைகளை மகளுக்கும் எழுதிவைத்தார். அன்றைக்குப் பிடித்தது வம்பு.

வால்டெமார் சர்க்கஸை மூடிவிட்டுச் சினிமா காட்டினான். பேசும் படம் வந்ததும் தங்கையிடம் பாய்ந்தான்.

"மேல கதாநாயகி அழுவுறா, கீழ உன் குதிரை கனைக்குது. ஜனம் விழுந்து விழுந்து சிரிக்குது!"

"அதுக்கும் படம் பிடிக்கலை போல, அண்ணே."

"கிண்டலா? ஓட்டிக்கிட்டுப் போயிடு."

"அப்பா இதைக் குதிரைக்காகக் கட்டினாரு."

"அப்பா போயிட்டாரு."

ஆற்றுக்கு அக்கரையில் பீர் காய்ச்சுபவர் ஒருவர் இடம் கொடுத்தார். பதிலுக்குக் குதிரைகள் பீர் வண்டி இழுக்க வேண்டும். இசைக்கு ஆடப் பழகிய ஜின்தார்ஸ் என்ற குதிரை, தெருவில் பாண்டு வாத்தியம் கேட்டதும் வண்டியோடு ஆடத் தொடங்கிவிடும். பீப்பாய்கள் உருளும். ஒத்தீலியா திட்டு வாங்கிக்கொண்டு அவற்றைப் பொறுக்குவாள்.

சில வருடங்களில் சர்க்கஸ் கட்டடத்துக்குப் பக்கத்துத் தெருவில் பெரிய சினிமாக் கொட்டகை வந்தது. அண்ணனின் கூட்டம் அங்கே போய்விட்டது. அவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான்.

"குதிரைங்களோட வந்துடு, ஒத்தீ."

போய்ப் பார்த்தாள். நாற்காலி போடுவதற்காகக் களம் முழுக்கச் சிமெண்ட் பூசியிருந்தான்.

"இதுல ஓடினா குதிரைக்குக் கால் போயிடும். லின்தார்ட் வீட்டுல பொறந்தவன்தானா நீ?"

"மேல கம்பளம் விரிச்சுக்கலாமே."

அவள் கடப்பாரையைத் தேடினாள். குளிர்காலம் முழுக்க உடைத்தாள். முதலில் வேடிக்கை பார்த்தவன் பிறகு முணுமுணுத்துக்கொண்டே களத்தில் கொட்ட மண் சுமந்தான்.

வசந்தத்தில் திறப்பு விழா. வண்டி இழுத்து முட்டி வீங்கிய ஜின்தார்ஸ் லாயத்திலேயே நின்றது. இளங்குதிரைகள் இரண்டுதான் தேறின. அதுவே அவளுக்கு ஆறவில்லை. சுவரொட்டியைப் பார்த்தால் 'வால்டெமார் லின்தார்ட் வழங்கும்' என்று மட்டும் இருந்தது. திரைக்குப் பின்னால் சேணத்தின் மேல் உட்கார்ந்தவள் அசையவில்லை. கூட்டம் தரையில் காலால் தட்டியது. வால்டெமார் களத்துக்கு ஓடினான்.

"இப்போ என் தங்கச்சி..."

"பேரைச் சொல்லு!" என்று உள்ளிருந்து கத்தினாள்.

கூட்டம் சிரித்தது. அவன் முகம் சிவந்தது.

"ஒத்தீலியா லின்தார்ட்!" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் குதிரையைக் களத்துக்குள் தட்டிவிட்டாள்.