நீர் என்றவள்

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் எப்சிபாளுக்கு முன்கோபம் ஜாஸ்தி. ஆனாலும் வேலை முடிந்ததும், பார்த்துக்கொள்ள ஆளில்லாத நோயாளிகளை வெந்நீரில் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். துடைக்கும்போதே ஜெபமும் நடக்கும்.

"அப்பா, நீர் பெரியவர். இந்தப் பிள்ளைக்கு நீர் இரங்கும்."

சபையில் பழகிய பேச்சு அது. ஊருக்குள் யாரும் யாரையும் 'நீர்' என்று கூப்பிடுவதில்லை.

அப்படி அவள் துடைத்துவந்தவர்களில் ஒருவர், உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடந்த ஒரு பெரியவர். பேர் தெரியாது, ஊர் தெரியாது. கொண்டுவந்த நாளிலிருந்து கண் திறக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

பக்கத்துக் கட்டிலில் மாமனாருக்குத் துணையாக இருந்த வளர்மதி, கல்வராயன் மலைக்காரி, ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அப்பான்னு சொல்றீங்க. அப்பறம் இன்னாத்துக்குக்கா அசலார்கிட்ட பேசற மாதிரி நீர் நீர்னு பேசிக்கினு இருக்கீங்க? எங்க வூட்ல அப்பாவ நீன்னுதான் கூப்புடுவோம்."

"ஆண்டவருக்கு மரியாத வேணாமா? ஒன் வேலையப் பாரு!" என்று சீறினாள் எப்சிபாள்.

சீறிவிட்டாளே தவிர, கேள்வி முள்ளாய்த் தைத்துக்கொண்டது. இத்தனை வருஷமும் அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே வாசலில் நின்றுதான் பேசியிருக்கிறோமோ?

மறுநாள் பெரியவரின் பாதத்தைத் துடைக்கக் குனிந்தபோது, ஜெபம் தானாகவே மாறி வந்தது.

"எங்கப்பா இருக்க நீ?"

கண் மூடியபடியே இருக்க, பெரியவரின் உதடு மட்டும் அசைந்தது.

"இங்கதாம்மா கெடக்கறேன்."