பெரிய பாயில் ஜவுளிக்கடைப் பெயர்

மதுரையில் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லிக்கொடுப்பவனுக்கு யாரும் பெண் தரமாட்டார்கள். நல்லவேளையாக, கடற்படையில் இருந்தபோதே எனக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன், தொண்ணூறுகளின் நடுவில், திருமங்கலம் போகிற வழியில் ஒரு கண்மாய்க் கரைப் படகுச் சங்கத்தில் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். சங்கத்தின் மொத்தச் சொத்து இரண்டு சின்னப் பந்தயப் படகுகள். யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்து நொந்துபோனவர்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

காற்று உண்டு, தண்ணீர் இல்லை

கண்மாய் நிறைவது ஐப்பசிக்கு மேல். காற்று வெளுத்து வாங்குவது ஆடியில். இரண்டும் சந்தித்துக்கொள்வதே அபூர்வம். அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? முதல் ஆடியில், வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் படகை நிறுத்தி, பாயை ஏற்றி, பையன்களை உள்ளே உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். காற்று வலுத்தால் சின்னப் பாய், தணிந்தால் பெரிய பாய் என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தேன். ஆடு மேய்க்க வந்த ஒரு அம்மா வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுக் கிட்டத்தில் வந்தார்.

"தண்ணி வந்தா நானே சொல்லி அனுப்புறேண்ணே. அதுவரைக்கும் பிள்ளைகள வீட்டுக்குப் போகச் சொல்லுங்க, பாவம்."

பிடித்த பிடி

அடுத்த வருஷம் கொட்டிய மழையில், ஆடி வரைக்கும் நெஞ்சளவு தண்ணீர் நின்றது. பாயை இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு இருக்கும். திடீரென்று காற்று அறைந்தால் அந்தக் கயிற்றை நழுவ விடவேண்டும், படகு நிமிர்ந்துகொள்ளும். விடாவிட்டால் கவிழும். இவ்வளவுதான் பாடம்.

பாண்டி என்று ஒரு கல்லூரி மாணவன். குடும்பமே மாடு பிடிக்கிற குடும்பம். காற்று அறைந்ததும் கயிற்றை மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்வான். "விடுடா, விடுடா" என்று நான் கரையில் குதிக்க, கயிற்றோடு தண்ணீருக்குள் போவான். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஏண்டா விடமாட்டேங்கிறே?" என்று கேட்டேன். வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டுச் சொன்னான்:

"பிடிய விட்டா எங்க ஊர்ல எவன் சார் மதிப்பான்?"

ராகு காலம்

எங்கள் சங்கத்துக்குப் படியளந்தவர் ஊருக்குள் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு சௌராஷ்டிர முதலாளி. அடுத்த வருஷமும் உதவுவதா வேண்டாமா என்பதை அந்த ஆடியில் தூத்துக்குடி அணியோடு நடக்கும் பந்தயத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக இருந்தார். அவர் கையை விரித்தால் சங்கத்தை மூடி, படகுகளைத் தூத்துக்குடிக்கு விற்றுவிடுவார்கள். வேலைக்காக நானும் பின்னாலேயே போகவேண்டும். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். உண்மையாகவே பயந்துபோயிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, காற்று எழும்புவதற்குள் முடித்துவிடத் திட்டம். ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம், கூடவே கூடாது என்றுவிட்டார் முதலாளி. பத்தரைக்குக் காற்று கரையில் போட்ட பந்தலையே தூக்கப் பார்த்தது. தூத்துக்குடிப் பையன்கள் பேசாமல் சின்னப் பாயைக் கட்டினார்கள். நானும் சின்னதைத்தான் எடுத்தேன். கடை மேனேஜர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். கடையின் பெயரைச் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது பெரிய பாயில்தான். "இந்தக் காத்துக்குக் கவுந்துரும்ங்க" என்று மன்றாடினேன்.

"காத்தப் பாத்தா எப்படிண்ணே? மொதலாளி குடும்பத்தோட வந்து உக்காந்திருக்காக, அதப் பாருங்க!"

முதலாளியின் தீர்ப்பு

பெரிய பாயைக் கட்டிப் பாண்டியை அனுப்பினேன். விசில் ஊதியதும் எங்கள் படகு எகிறிக்கொண்டு முன்னால் போனது. எனக்கே ஒரு நப்பாசை. பந்தலுக்கு நேராக வந்தபோது காற்று அறைந்தது. பாண்டி பிடியை விடவில்லை. படகு பக்கவாட்டில் சாய, பாய் தண்ணீர்மேல் விரித்துப் போட்ட ஜமுக்காளமாகக் கிடந்தது. தூத்துக்குடிக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய் ஜெயித்துவிட்டார்கள்.

பாண்டி முழுசாக எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, முதலாளி முன்னால் போய்க் கைகட்டி நின்றேன். மூட்டை கட்டவேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். அவர் மனைவியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அந்தம்மா சிரித்தார். பிறகு முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ஓடும்போது என்னமோ செவப்பாப் போச்சு, ஒரு எழுத்தும் பிடிபடல. சாஞ்சு படுத்த பெறகுதான்யா கரையில இருந்த அம்புட்டுப் பேரும் கடைப் பேர வாசிச்சாக. அடுத்த வருசமும் நாந்தான் செய்வேன். ஆனா இதே பாயைத்தான் கட்டணும், சொல்லிட்டேன்!"

அதற்குப் பிறகு, மகள் கல்லூரி முடிக்கும்வரை, கண்மாயில் தண்ணீர் நின்ற ஆடிகளிலெல்லாம் பந்தலுக்கு நேராகப் படகைக் கவிழ்ப்பது எப்படி என்றுதான் பயிற்சி கொடுத்தேன்.