கழற்றி வைத்த ஹெல்மெட்

தொண்ணூறுகளின் கடைசி. வடக்கில் போர் உச்சத்தில் இருந்தது, கண்டி நகருக்குள்ளும் குண்டு வெடித்து, முடக்குக்கு முடக்கு சோதனைச் சாவடி போட்டிருந்த காலம். நகரத்தின் ஓரத்தில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் கணவரும் இருந்தோம். நான் நகரத்தில் ஆசிரியை. அவருக்குத் தெல்தெனியவில் அரசாங்க உத்தியோகம். நான் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், அவர் யாழ்ப்பாணத்தவர். இருவரும் விரும்பிக் கட்டிக்கொண்டதால் இரண்டு பக்கத்துச் சொந்தங்களின் வாய்க்கும் கொஞ்ச நாள் அவலாக இருந்தோம். பிறகு அவர்களுக்கே அலுத்துவிட்டது.

எங்களுக்குள் சண்டை என்று வந்தால் அது ஒரே விஷயத்துக்காகத்தான் வரும். அவருடைய சிவப்பு மோட்டார் சைக்கிள்.

கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கிய பழைய ஜப்பான் வண்டி அது. நான் அதைச் சக்களத்தி என்றே சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டு திரும்பி வரும்வரை முற்றத்தில் குந்திக்கொண்டு அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். எனக்கோ அதைக் கண்டாலே பயம். எங்கள் தெருவில் ஒரு பெடியன் திகன ரோட்டில் லொறியில் மோதி இறந்தான். அந்தச் செத்த வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து பயம் இரட்டிப்பானது. பின்னேரம் ஆனால் கையில் எந்த வேலை இருந்தாலும் காது மட்டும் ரோட்டில் இருக்கும். வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் தேத்தண்ணீருக்குக் கேத்திலை வைப்பேன்.

"ஊர்ல உள்ளவங்க எல்லாம் பஸ்ல தானே போறாங்க. உங்களுக்கு மட்டும் என்னாங்க?" என்பேன்.

"ஓம், நாளைக்குப் பஸ்ஸில போறன்" என்பார், ஒரு வாதமும் செய்யாமல். மறுநாள் காலையில் முற்றத்தில் வண்டியை உதைக்கும் சத்தம் கேட்கும். இப்படி ஒரு மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் வயசுக் கோளாறு என்பதுதான் அந்தக் காலத்தில் என் முடிவு. இவருக்கு அந்த வயசும் தாண்டிவிட்டதே என்று வேறு ஆத்திரம் வரும். கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தெல்தெனியவிலேயே அரசாங்க குவார்ட்டர்ஸ் கேட்கச் சொன்னேன். அங்கே இருந்தால் அவர் வேலை செய்யும் கந்தோருக்கு நடந்தே போகலாம். பஸ்ஸில் அலைவது என் பாடாக இருக்கட்டும். அவர் மறுக்கவில்லை. கேட்டார், கிடைத்தது. போய் வீட்டைப் பார்த்துவிட்டு வரும்படி சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டு நின்றேன். அவர் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

"இனி இதை விக்கத்தானே போறம். ஒரு நாள் எண்டாலும் ஏறி இருந்து பாரும்."

விற்கப் போகிறோம் என்ற சந்தோசத்தில் ஏறிவிட்டேன். அப்போது பின்னால் இருப்பவருக்கு யார் ஹெல்மெட் தேடினார்கள்? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் அவருடைய இடுப்பையும் மறு கையால் செபமாலையையும் பிடித்துக்கொண்டேன்.

தென்னக்கும்புர பாலத்தடிக்கு வர, அங்கிருந்த சாவடியில் ஆமிக்காரர்கள் ஒரு பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கியிருந்தார்கள். பைகளைத் திறந்து வைத்துக்கொண்டு சனம் வரிசையில் நின்றது. அடையாள அட்டையைப் பார்த்து ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நடுத்தர வயதுக்காரர் மட்டும் வரிசைக்கு வெளியே தனியாக நின்றார். அவருடைய பையிலிருந்த உடுப்புகள் மேசையில் கொட்டிக் கிடந்தன. சிறிது நேரத்தில் கண்டக்டர் மணியை அடிக்க, அவரை விட்டுவிட்டு பஸ் போய்விட்டது. போகிற பஸ்ஸை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பழகிப்போனவரைப்போல நின்றார்.

பஸ்ஸில் போவது எப்படி என்று எனக்கும் தெரியாமல் இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து பஸ்ஸில் போனால் தமிழில் பேசமாட்டோம். மடியில் இருக்கும் பையை எல்லோரும் பார்ப்பார்கள், நாங்கள் யன்னலைப் பார்ப்போம். ஆனால் என் அட்டையில் பிறந்த இடம் நாவலப்பிட்டி, என் வாயில் சிங்களமும் தண்ணீர் மாதிரி வரும். என்னை இரண்டு கேள்வியோடு விட்டுவிடுவார்கள். அவருடைய அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தது. வரிசைக்கு வெளியே நின்ற அந்த மனிதரைப் பார்த்த பிறகுதான் இவர் எத்தனை தடவை இப்படி நின்றிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு தடவையைப் பற்றிக்கூட வீட்டில் சொன்னதில்லை.

என் கணவர் பாலத்துக்கு வெகு தூரம் முன்பே வண்டியின் வேகத்தைக் குறைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, பெற்றோல் டாங்கியின் மேல் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். மெல்ல உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். காவலுக்கு நின்ற ஆமிக்காரன் சின்ன வயசு. எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்றைக்கு நோனாவுமா? நல்லது நல்லது" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, "ஹரி மஹத்தயா, யன்ன" என்று கையைக் காட்டினான். சரி ஐயா, போங்கள் என்று. நோனா என்றது அவருடைய மனைவியான என்னை. அட்டையைக்கூடக் கேட்கவில்லை. எனக்கு நம்பவே முடியவில்லை.

பாலம் கடந்ததும் அவர் பேசத் தொடங்கினார். வீட்டில் நாலு சொல்லுக்கு ஒரு சொல் பேசுகிறவர், காற்றுக்கு மேலாகச் சத்தம் போட்டுத் தமிழில் பேசினார். அதுவும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில். அவருடைய ஊர் ரோட்டைப் பற்றி, பனங்காட்டுக்குள்ளால் சைக்கிள் ஓடியதைப் பற்றி, என் சமையலில் காரம் போதாது என்பதைப் பற்றி. எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் பதிலுக்குக் கத்தினேன். ரோட்டில் போகும்போது நாங்கள் இருவரும் தமிழில் அப்படி உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை.

"பார்த்தீரே? பஸ்ஸில எண்டால் நான் ஒரு தமிழன். இதில வந்தால் நான் சிவப்பு மோட்டச் சைக்கிள் மஹத்தயா" என்றார்.

இத்தனை காலம் நான் போட்ட சண்டைக்கெல்லாம் அவர் ஒரு நாளும் சொல்லாத பதில் அது. சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன் என்று தெரிந்துதான் சொல்லாமல் விட்டாரோ என்னவோ.

ஹெல்மெட் இன்னும் டாங்கியின் மேலேயே இருந்தது.

"ஏங்க, அத திரும்பப் போட மாட்டீங்களா?"

"இஞ்சால அடுத்த செக்பொயின்ற் வருது. போட்டுக் கழட்டி, போட்டுக் கழட்டி என்னத்துக்கு? அவங்களுக்கு என்ர முகம் தெரியவேணும். முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தன் கிட்ட வந்தால் அவங்களுக்கும் பயம்தானே. அவங்களும் பெடியள்."

"போட்டாத்தான் நான் வருவேன். இல்லாட்டி இங்கேயே எறங்கிருவேன்."

அன்றைக்கு எனக்காகப் போட்டுக்கொண்டார். அடுத்த சாவடிக்கு முன்னால் மறுபடியும் கழற்றினார். அங்கேயும் அதே சிரிப்பு, அதே கையசைப்பு.

குவார்ட்டர்ஸ் நல்ல வீடு. பின்பக்கத்தில் நின்றால் மலைகளுக்கு நடுவே நீர்த்தேக்கம் தெரிந்தது. நான் குசினியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கந்தோர்வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். வந்து வண்டியின் இருக்கையில் கையை வைத்துக்கொண்டு, "இனி இதுக்கு இஞ்ச வேலை இல்லை" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"விக்க வேணாங்க. இருந்துட்டுப் போகட்டும். ஞாயித்துக்கிழமையில ரெண்டு பேரும் எங்கேயாச்சும் போவோம்" என்றேன்.

சக்களத்திக்கு நான் இடம் கொடுத்ததை அவரால் நம்ப முடியவில்லை. பிறகு, "நல்லாத்தான் பயந்து போனீர் போல" என்று பகிடி விட்டார். திரும்பி வரும்போது செபமாலை என் கைப்பைக்குள் இருந்தது.

எந்த ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் போகவில்லை. அந்த வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்துப் பூட்டின் திறப்பைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கிடையில் மழை தொடங்கிவிட்டது. ஒரு காலை நான் வகுப்பில் இருக்கும்போது அதிபர் வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். அவர் கூப்பிட்ட விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அந்த இரண்டு சாவடிகளுக்கும் இடையில் இருந்த வளைவு. இரவு மழைக்கு மேட்டிலிருந்து மண் வழிந்து ரோட்டில் படிந்திருந்தது. வண்டி சறுக்கியிருக்கிறது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை, வண்டிக்குச் சேதமும் அதிகம் இல்லை. அவருடைய தலை மட்டும் ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓடும் கானின் சீமெந்து விளிம்பில் அடிபட்டுவிட்டது. பாலத்தடி ஆமிக்காரர்கள்தான் தங்கள் வாகனத்தில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நான் போகும்போது அவருக்கு நினைவு இல்லை. கடைசிவரை திரும்பவும் இல்லை. நான் அவருடைய காதுக்குள் பேசிக்கொண்டே இருந்தேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, அன்று என்னைப் பார்த்துச் சிரித்த அந்த ஆமிக்காரப் பெடியன் நடைபாதையில் நின்றான். சீருடை முழுக்கச் சேறு. கையில் அவருடைய ஹெல்மெட். அதில் ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கண்டதும் எனக்குள் இருந்ததெல்லாம் அவன்மேல் திரும்பியது.

"உங்களுக்காகத்தானே இதைக் கழற்றினார். முகத்தைக் காட்ட வேண்டும் என்றுதானே" என்று சிங்களத்தில் கேட்டேன். கத்தினேனா, மெல்லச் சொன்னேனா என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

அவன் விளங்காமல் என்னைப் பார்த்தான்.

"நோனா, நாங்கள் அவரைக் கழற்றச் சொன்னதே இல்லை. முதல் சில நாள் கேட்டிருப்போம். பிறகு அந்த வண்டிச் சத்தம் வளைவுக்கு அப்பால் கேட்கும்போதே மஹத்தயா வருகிறார் என்று எங்களுக்குத் தெரியும். ஹெல்மெட்டோடு வந்திருந்தாலும் நிறுத்தியிருக்கமாட்டோம்."

"அப்படியென்றால் அதை ஏன் அவரிடம் சொல்லவில்லை?"

அவன் ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது.

"அவருக்குக் காற்று வாங்க விருப்பம் என்று நினைத்தோம், நோனா."

அதற்கு மேல் அவனோடு கோபிக்க என்னால் முடியவில்லை. ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டேன். குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாவலப்பிட்டிக்கு அம்மாவிடம் போனேன். வண்டியை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள், நான் வெளியே வந்து பார்க்கவில்லை.

வருசங்கள் எவ்வளவோ போய்விட்டன. போர் முடிந்து அந்தச் சாவடிகளும் இல்லை. மோட்டார் சைக்கிளில் பறக்கிற பிள்ளைகளைக் கண்டு, சாவைத் தேடிப் போகிறார்களே என்று யாராவது சலித்துக்கொண்டால் நான் சேர்ந்து பேசுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு வரிசையில் நிற்காமல் தப்பிப் போக வேண்டியிருக்கிறது, அது என்ன என்று வெளியே நிற்கிற நமக்குத் தெரியாது. ஆனால் என் மனம் ஆறாத இடம் வேறு. தினமும் காலையும் மாலையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தவர்கள் அவரும் அந்த ஆமிக்காரர்களும். "மஹத்தயா, உங்களை எங்களுக்குத் தெரியும், போட்டுக்கொண்டே போங்கள்" என்று ஒரே ஒரு நாள் யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அவர் அதை நம்பிப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்திருப்பார்.