தேதி போடாத ட்ரிப் ஷீட்

1. படப்பை ஸ்டாப்

காலை ஐந்து பத்துக்குப் படப்பை லேடீஸ் ஹாஸ்டல் ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தினேன். ஒருத்தரும் இல்லை. அங்கே தினமும் ஒன்பது பெண்கள் ஏறுவார்கள். நான் போவதற்கு முன்பே வந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து பாதித் தூக்கத்தில் நிற்பார்கள்.

ஒரு ஸ்டாப்பில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. நான் நான்கு நிமிடம் நின்றேன். இறங்கிப் போய் ஹாஸ்டல் வாட்ச்மேனைக் கேட்டிருக்கலாம். ஆனால் பெண்கள் தங்கும் இடத்தின் வாசலில் நின்று குரல் கொடுக்க எனக்குக் கூச்சம். ‘அவங்க லைனுக்கு லீவு போல’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கியரைப் போட்டேன். அன்று நான் செய்த இரண்டாவது தப்பு அது. முதல் தப்பை முந்தின நாளே செய்திருந்தேன்.

நான் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு பேக்டரிக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிறேன். பேக்டரி ஆள் இல்லை, பஸ் காண்டிராக்ட் எடுத்திருக்கும் ஓனரின் ஆள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஊர்ப் பெயர், நேரம், எண் என்றால் வேகமாகவே படிப்பேன். என் வேலைக்கு அது போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

2. பஸ்ஸுக்குள் சட்டசபை

மணிமங்கலத்தில் என்னோடு ஏறுகிறவர் தனசேகர். மிஷின் ஆபரேட்டர். எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து முந்தின நாள் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். சட்டசபை நடக்கும் நாட்களில் அவரைக் கையில் பிடிக்க முடியாது.

“இன்னா ஏழுமலை, பன்னண்டு மணி நேரம் வேலையாம்பா. மசோதா பாஸாயிட்சி.”

ஹாஸ்டல் பெண்களில் முத்துச்செல்விக்குத்தான் வாய் அதிகம். சங்கரன்கோவில் பக்கம். ட்ரெய்னியாகச் சேர்ந்து இரண்டு வருடம் முடிய இன்னும் இருபது நாள்தான் இருந்தது. முடித்தால் சர்டிபிகேட் வரும், அதை வைத்து நிரந்தர வேலைக்கு மனுப் போடலாம்.

“நாலு நாள் வேலை, மூணு நாள் லீவுன்னும் போட்டிருக்கும்லா. அதையும் சேத்துப் படிங்க அண்ணாச்சி.”

“அதான் கீதே. அந்த மூணு நாள்ல மொத நாளு தூங்கவே சரியாப் பூடும்.”

“உங்களுக்கென்ன, பக்கத்துலயே வீடு. நாங்க ஊருக்குப் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. ஒத்த ஞாயித்துக்கிழமைய வச்சுக்கிட்டு எங்கன போக?”

“எம்மா, நீ ஊருக்குப் போவ. நான் வூட்டுக்கு வர்றப்போ எம் புள்ள தூங்கிகினு இருக்கும், அது ஏந்திரிக்கிறதுக்குள்ள நான் கெளம்பிடுவேன். அப்பன போட்டோவுலதான் பாக்கணும்.”

“அப்ப போட்டோவுலயாவது சிரிச்ச மாதிரி நில்லுங்க.”

பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். பேசவில்லை.

அவர்கள் சண்டையிலிருந்துதான் எனக்கு விஷயம் புரிந்தது. வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்பது மாறாது. அதை ஆறு நாளாகப் பிரிப்பதா, நான்கு நாளாகப் பிரிப்பதா என்பதுதான் மாறும். நான்கு நாள் என்றால் மூன்று ஷிப்ட் இரண்டாகும். அப்படியானால் பஸ் நடையும், நடைக்கு இவ்வளவு என்று நான் வாங்குகிற காசும் குறையும். அது எனக்கு மட்டும் உறைத்தது.

அதே சமயத்தில் இன்னொரு மசோதாவும் வந்தது. பெரிய திட்டத்துக்கு நிலம் சேர்க்கும்போது, நடுவில் ஏரியோ கால்வாயோ இருந்தாலும் மொத்தமாக ஒருங்கிணைக்க வழி செய்வது என்று தனசேகர் படித்தார். எங்கள் ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் டீக்கடையில் அதைப் பற்றித்தான் பேசினார்கள். பஸ்ஸில் அதற்கு மவுசு இல்லை. செம்பரம்பாக்கம் ஏரி திறந்த வருடம் தண்ணீரில் மாட்டிய ஒருவர் மட்டும் “ஏரில கை வெக்கிறதுன்னா பாத்து வெக்கணும்பா” என்றார்.

அதற்கும் முன்னால் வந்தது, கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற மசோதா. என் மனைவி ஜவுளிக் கடையில் நிற்கிறவள். பேப்பரில் வந்த மறுநாளே அவள் கடையில் போய்க் கேட்டாள். முதலாளி, “பேப்பர்காரன் கிட்ட போய் ஸ்டூல் வாங்கிக்கம்மா” என்றாராம். சட்டமாகி, கடைகளுக்குச் சொல்லி, ஸ்டூல் வருவதற்குள் அவள் காலில் நரம்பு சுருண்டுவிட்டது. இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. அப்படியும் மசோதா உடனே நடப்புக்கு வந்துவிடாது என்ற புத்தி எனக்கு வரவில்லை.

3. கண்ணாடியில் ஒட்டியது

மசோதா நிறைவேறிய செய்தி வந்த இரண்டாம் நாள் சாயங்காலம், ஓனர் ஷெட்டில் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். புதிய ட்ரிப் ஷீட். மணிமங்கலம் 5.50, படப்பை 6.10, ஒரகடம் 6.45. இரண்டே ஷிப்ட்.

“வச்சிக்கோ ஏழுமலை. எப்ப வேணா மாறும்.”

எந்தத் தேதியிலிருந்து என்று அதில் இல்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் பஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. ஷீட் கைக்கு வந்தால் உடனே டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புக் கண்ணாடியில் செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுவோம். தொலைந்தால் திட்டு விழும். அதனால் பழைய ஷீட்டுக்குப் பக்கத்திலேயே இதையும் ஒட்டினேன். பழையது இருக்கிறதே, குழப்பம் வராது என்று நினைத்தேன்.

தொழிலாளர்கள் ஆபீஸ் நோட்டீஸ் போர்டைப் பார்ப்பதே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் அவர்களுக்கு உத்தரவு. அன்று ராத்திரி பி ஷிப்ட் முடிந்து திரும்பிய ஹாஸ்டல் பெண் ஒருத்தி அதைப் போட்டோ எடுத்து ரூமில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். மசோதா பாஸ், ஷீட்டும் வந்தாச்சு, காலையில் ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம் என்று ஒன்பது பேரும் அலாரத்தை மாற்றி வைத்துப் படுத்திருக்கிறார்கள்.

4. கேட்டில் ஒன்பது பேர்

ஏழே கால் மணிக்கு நான் கேட்டை ஒட்டிய பார்க்கிங்கில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஒன்பது பேரும் இறங்கி ஓடினார்கள். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. அவர்கள் லைன் காலையிலிருந்து நின்றுகிடந்தது.

வெளியே அந்த மசோதாவை எதிர்த்துச் சங்கங்கள் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரம். ஒன்பது பேர் ஒரே காலையில் வரவில்லை என்றால் ஆபீஸ் என்ன நினைக்கும்? எச்.ஆர். மேடம் கேட்டுக்கே வந்துவிட்டார்.

“யார் சொல்லி இப்படிப் பண்ணீங்க? இது ஸ்ட்ரைக்கா?”

“ஸ்ட்ரைக்கா? தூங்கிட்டோம் மேடம்,” என்றாள் முத்துச்செல்வி.

“ஒன்பது பேரும் ஒண்ணாத் தூங்கினீங்களா?”

“ஒரே ஹாஸ்டல்லா மேடம்.”

செக்யூரிட்டிக்காரர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மேடம் சிரிக்கவில்லை. “ட்ரெய்னிங் கேன்சல் பண்ணி லெட்டர் ரெடி பண்ணுங்க” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். முத்துச்செல்வியின் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பஸ்ஸுக்குள் ஓடிப்போய் ஷீட்டைக் கிழித்தேன். டேப்போடு கண்ணாடிச் சட்டத்தின் பெயிண்டும் கொஞ்சம் வந்தது. டிரைவர்கள் பார்க்கிங் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினேன். மேடம் முன்னால் நின்றேன். தாளை மட்டும் நீட்டினேன்.

“என்ன இது?”

“மேடம்… நான்தான் ஒட்னேன். இதப் பாத்துட்டுத்தான் இவங்க வரல. ஸ்டாப்ல ஆள் இல்லன்னு தெரிஞ்சும் எறங்கிக் கேக்காம வந்தது நான். தப்பு எம்மேலதான். என்னெ நிறுத்துங்க, இவங்கள வுட்டுடுங்க.”

ஒரே மூச்சில் அவ்வளவு நான் பேசியதே இல்லை.

மேடம் தாளைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். தாளின் தலையில் எங்கள் ஓனர் பெயர் இல்லை, பேக்டரியின் முத்திரைதான் இருந்தது. அதை நானும் அப்போதுதான் கவனித்தேன். மசோதா சட்டமாவதற்கு முன்பே, பேக்டரியின் டிரான்ஸ்போர்ட் செக்‌ஷன் முன்னேற்பாடாக நேரம் போட்டு ஓனருக்கு அனுப்பியிருக்கிறது. மேடம் போனை எடுத்தார்.

“இந்த ட்ரிப் ஷீட் நம்மளதுதானே? யாரு அப்ரூவ் பண்ணது?”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. மேடம் போனை வைத்தார். பிறகு லெட்டர் வேண்டாம் என்று கையால் சைகை செய்தார். “அரை நாள் லீவு போட்டுட்டு உள்ள போங்க” என்றார் பெண்களிடம். என்னைப் பார்த்து, “நீங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க” என்றார். போனேன்.

5. பிறகு

ஓனர் என்னைப் பதினைந்து நாள் வாலாஜாபாத் ரூட்டுக்கு மாற்றினார். திரும்பி வருவதற்குள் அந்த மசோதாவை நிறுத்தி வைத்து, பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தனசேகர் பஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தார். முத்துச்செல்வி வாங்கிக்கொண்டே, “எங்க மூணு நாள் லீவத்தான் மிட்டாயாக் குடுக்கீங்களாக்கும்” என்றாள். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் நடை குறையவில்லை என்பதால் நான் தனசேகர் பக்கம்தான். ஆனாலும் ஊருக்குப் போக முடியாத பெண்களைக் கண்ணாடியில் பார்க்கும்போது முழுசாக மகிழ முடியவில்லை. முத்துச்செல்விக்குச் சர்டிபிகேட் வந்துவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். மசோதா வந்தால் என்ன மாறும் என்று எல்லோரும் சொல்வார்கள், டீக்கடையில் கேட்டாலே போதும். சட்டசபையில் நிறைவேறினாலும் அதற்குப் பிறகு கவர்னர் கையெழுத்து, அரசிதழ் என்று படிகள் இருக்கின்றன. நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், திரும்பியும் போகலாம். எப்போதிலிருந்து என்று கேட்கிறவர்கள்தான் குறைவு. கேட்கப் படிப்பு வேண்டாம், வாய் போதும்.

போன மாதம் ஓனர் இன்னொரு ஷீட்டை நீட்டினார்.

“எந்தத் தேதியிலேர்ந்துங்க?”

“யோவ், வாயே தொறக்காத ஆளாச்சே நீ! வாங்கி வச்சிக்கயா, சொல்றேன்.”

“தேதி போட்டுக் குடுங்க, ஒட்றேன்.”

முணுமுணுத்துக்கொண்டே பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.