விரலுக்கடியில் கருங்காலி

என் மகள் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த அன்று முதலில் கூப்பிட்டது என்னை அல்ல, என் தம்பியை. மலாக்கா பக்கம், மஸ்ஜித் தானா சாலையில் நல்ல மழை. ஒரு வளைவில் சக்கரம் வழுக்கி, முதுகில் கித்தார் பையோடு புல்தரையில் போய் விழுந்திருக்கிறாள். கைப்பேசியை எடுத்து அவள் அழுத்தியது மாமாவின் எண்ணை. அவன் நியாலாஸிலிருந்து காரை எடுத்துப் பாதி வழி வந்த பிறகுதான் எனக்குச் சொன்னான். அலோர் காஜாவில் என் அலுவலகத்திலிருந்து அந்த வளைவுக்கு அரை மணிகூட ஆகாது. அவன் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

இடது கையின் மோதிர விரல் முறிந்திருந்தது. கம்பி வைத்தார்கள், எடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள். இப்போது மடங்குகிறது, முழுதாக இல்லை. அவள் தேறிவிட்டாள். நான்தான் தேறவில்லை. மழைச் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் என்று நினைப்பேன்; நினைத்ததும் எழுந்து போய் அவள் அறைக் கதவைத் திறந்து பார்ப்பேன். பத்தொன்பது வயதுப் பெண் நிமிர்ந்து, "என்னம்மா?" என்பாள். "துவைக்கிற துணி இருந்தா குடு" என்பேன்.

கித்தாரின் கழுத்தும் உடைந்து போயிருந்தது. அது மின்கித்தார்; நான்கு திருகாணிகளைக் கழற்றினால் கழுத்து தனியாக வந்துவிடும், வேறு ஒன்றைப் பூட்டலாம். என் தம்பி செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறான். ஓய்வு நேரத்தில் வீட்டுப் போர்ச்சில் கித்தார்களைப் பழுது பார்க்கிறான், கல்யாண மண்டபங்களில் வாசிக்கிறான். என் மகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். விரல் பயிற்சி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருவரும் உட்கார்ந்து, புதிய கழுத்தின் விரல்பலகை எந்த மரமாக இருக்க வேண்டும் என்று பேசினார்கள். கம்பிகளுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பலகைக்குத்தான் அந்தப் பெயர். வாசிக்கிறவரின் விரல்கள் நாள் முழுக்கக் குடியிருப்பது அதன்மேல்தான்.

"மேப்பிள் போடலாமா மாமா? வெள்ளையா அழகா இருக்கும்."

"அழகா இருக்கும்லா. ஆனா மேல வார்னிஷ் பூசியிருப்பான். நம்ம ஊரு வெக்கையில ரெண்டு பாட்டு வாசிச்சா போதும், வேர்வையில விரல் ஒட்டும். ரோஸ்வுட்டு போடு. எண்ண தேச்ச மரம் மாதிரி, விரலுக்கு இதமா இருக்கும்."

"எபோனி?"

"அது கல்லும்மா. வழவழன்னு இருக்கும், அடிச்சா கண்ணாடி மாதிரி சத்தம். உன் விரல் இருக்கிற நெலமைக்கு அது எதுக்கு?"

நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் ஏதோ நினைவு வந்தவனாக, "அக்கா, நீ என்ன சொல்ற?" என்றான்.

"சமைக்கிறவளுக்கு என்ன தெரியும்?"

"தோ, ஆரம்பிச்சாச்சு" என்றாள் மகள். இருவரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். மேல் உதடு ஒரு பக்கமாக ஏறும் அந்தச் சிரிப்பு எங்கள் அப்பாவுடையது. அது எனக்கு வரவில்லை. என்னைத் தாண்டிக்கொண்டு அவளுக்குப் போயிருக்கிறது. அப்பா எனக்கு டியூஷனுக்குப் பணம் கட்டினார், அவனுக்குக் கித்தார் வாங்கிக் கொடுத்தார். படித்தேன், அரசாங்க வேலைக்கு வந்தேன், குறையொன்றும் இல்லை. ஆனாலும் என் வயிற்றில் பிறந்தவள் அவனுடைய பாஷையில் பேசி, அவனுடைய சிரிப்பைச் சிரிக்கும்போது, எதிரே கரண்டியோடு நிற்பதற்கு ஒரு பெயர் உண்டு. பொறாமை. ஐம்பதை நெருங்கும் வயதில், அதுவும் கூடப் பிறந்தவன்மேல்.

மறுநாளிலிருந்து அலுவலகத்தில் மதிய இடைவேளையில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு காணொளிகள் பார்க்கத் தொடங்கினேன். ரோஸ்வுட்டின் நுண்துளைகள், மேப்பிளின் பூச்சு, எதற்கு எண்ணெய் தேய்க்கலாம், எதற்குக் கூடாது என்று ஒரு தேர்வுக்குப் படிப்பதுபோலப் படித்தேன். படிப்புதானே எனக்கு வரும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான், எபோனி என்பது நம் கருங்காலி என்று புரிந்தது.

அப்போது என் கைப்பையில் ஒரு கருங்காலி மணிமாலை இருந்தது. அலுவலகத் தோழி தமிழ்நாட்டுக்குப் போனபோது வாங்கி வந்தது. கண்ணேறு அண்டாது, வண்டியில் போகிறவர்களுக்குக் காவல் என்று சொல்லிக் கொடுத்தாள். இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறவளாகத்தான் நான் இருந்தேன், விபத்துக்கு முன்புவரை. மாலையை மகளிடம் நீட்டியபோது, "அம்மா, இதப் போட்டுக்கிட்டு காலேஜுக்குப் போனா என்னைய கேங்ஸ்டர் தலைவின்னு சொல்லுவானுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கழுத்தில் போட மறுத்தவள் விரலுக்கடியில் வைத்துக்கொள்ளட்டும் என்று அந்த மதியமே முடிவு செய்தேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலை மகளிடம், "எபோனிதான் நல்லது. துளையே இல்லாத மரம், வேர்வை இறங்காது, பூச்சும் வேண்டாம், காலத்துக்கும் தேயாது" என்றேன்.

அவள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா! இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த வியப்பு எனக்கு இனித்தது. பல மாதங்களில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மலாக்கா டவுனுக்கு மூவரும் போனோம். கடை மாடியில் இருந்தது. எனக்கு முழங்கால் வலி; அவர்கள் முன்னால் ஏறிப் போனார்கள், நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினேன். கடைக்காரர் மூன்று கழுத்துகளை மேசைமேல் துணி விரித்து வைத்தார். வெளிர் மஞ்சளில் ஒன்று, மண்நிறத்தில் ஒன்று, கரிநிறத்தில் ஒன்று. மகள் ஒவ்வொன்றையும் இடது கையில் ஏந்தி, கண்ணை மூடி, விரல்களை மேலும் கீழும் ஓட்டினாள். மண்நிறத்தில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தாள். தம்பி சுவரில் தொங்கிய கித்தார்களைப் பார்ப்பதுபோல நின்றான்.

"இதுவே இருக்கட்டும்மா" என்று கரிநிறத்தை என்னிடம் நீட்டினாள்.

திரும்பி வரும் வழியில் பின்னிருக்கையில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு மிதப்பு. அவன் சொன்னதை விட்டுவிட்டு நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாள். தேநீர் கலக்கும்போதும் சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை நியாலாஸில், அவன் வீட்டுப் போர்ச்சில், கழுத்தைப் பூட்டினான். விரல் அதிகம் அழுத்தவேண்டியிருக்காது என்று மெல்லிய கம்பிகளாகத் தேடி வாங்கி வைத்திருந்தான். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"பாத்தியா? நீ ரோஸ்வுட்டுன்னு சொன்ன. அவ கேக்கல."

மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். "ஐயோ அம்மா. மாமாதான் மாடிப்படியிலயே சொல்லிட்டாரு. உங்கம்மா சத்தத்துக்காக கேக்கல, கருங்காலின்னு கேக்குது, அதையே எடுத்துக்கோ, பாவம் நிம்மதியா தூங்கட்டும்னு."

"ஏய்" என்றான் தம்பி, திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குக் காது சூடானது. அவன் என்னைக் கேலி செய்திருந்தால் பதில் வைத்திருப்பேன். விட்டுக்கொடுத்திருக்கிறான். என் மகளை மட்டுமல்ல, என்னையும் என்னைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கிறான். நன்றி சொல்லவேண்டிய இடம் அது.

"அந்த ரோஸ்வுட்டு கழுத்து இன்னும் கடையில இருக்குமா?" என்று கேட்டேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"சும்மாதான் கேட்டேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவன் கம்பிகளைச் சுருதி சேர்த்து அவளிடம் கொடுத்தான். விபத்துக்குப் பிறகு முதல் முறையாக வாசித்தாள். அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். எனக்குச் சங்கீதம் தெரியாது. எதைக் கேட்கவேண்டும் என்றும் தெரியாது. அதனால் அவள் இடது கையையே பார்த்தேன். மோதிர விரல் கருங்காலியைத் தொடவே இல்லை. லேசாக மடங்கி, காற்றில் நின்றது. அது போகவேண்டிய இடங்களுக்கெல்லாம் சுண்டுவிரலை அனுப்பிக்கொண்டிருந்தாள். அவ்வளவு வேகமாக, அவ்வளவு சாமர்த்தியமாக. வீட்டில், கதவை மூடிக்கொண்டு, வெறுங்கையால் எத்தனை நாள் பழகினாளோ.

வாசித்து முடித்ததும் அவன் கண்ணைத் திறந்தான். "சூப்பர்லா! பழைய மாதிரியே இருக்கு."

அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்பு சிறுத்தது. சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல, தலை மிகச் சிறிதாக அசைந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. அந்த விரல் இனி வராமலே போய்விடுமோ. ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவில், வெட்கத்தோடு எழுதுகிறேன், அவன் கவனிக்காததை நான் கவனித்தது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா" என்றேன் அவனிடம். "பழைய மாதிரியேதான் இருக்கு."