அரிசிக்குள் வேப்பிலை

ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறை முடிந்து கிளம்பியபோது, எங்கள் வயலில் விளைந்த அரிசியைக் கட்டிக் கொடுத்தேன். வண்டு வராமலிருக்க வழக்கம்போல் வேப்பிலையும் போட்டிருந்தேன். அவனிடம் சொல்லத் தோன்றவில்லை.

போய் இறங்கியதும் போன் செய்தான். “ஏர்போர்ட்டு சோதனைல வெறும் அரிசிதான்னு சொன்னேன். பிரிச்சா இலை! இங்க இலை, தழை எதுவும் கொண்டாரக்கூடாதும்மா. அபராதம் போடாம விட்டதே பெருசு. அரிசிய வாங்கி வச்சிக்கிட்டாங்க.”

“வேப்பிலதானேப்பா, விஷமா?” என்றேன்.

“இனிமே எதுவும் குடுக்காதம்மா. இங்கயே எல்லாம் கிடைக்குது.”

இப்போது இங்கே செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் அவனுக்கென்று தனி டப்பாவில், இலை போடாமல் அரிசி வைத்திருக்கிறேன். வண்டு வந்துவிடுகிறது. தினமும் முறத்தில் கொட்டிப் பொறுக்குகிறேன். எப்போது வருவான் என்று அவன் இன்னும் சொல்லவில்லை.